ஏர் இன்டேக் மாற்றலாமா, ஃபில்டர் மட்டும் போதுமா?

நண்பர்களே, என் கார் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய், ஃபில்டர் அமைப்பான ஏர் இன்டேக்கை மாற்ற யோசிக்கிறேன். பானெட்டுக்குள் 60 டிகிரியில் இருக்கும் காற்று, வெளியே 30 டிகிரியில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 9 சதவீதம் அடர்த்தி குறைவு, அதனால் மூடியில்லாத கோன் ஃபில்டரை எஞ்சின் பக்கத்திலேயே வைத்தால் சத்தம்தான் கூடும், இழுவை கூடாது என்பது என் எண்ணம். சரி, குழாயைப் பம்பர் வரை கீழே இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் போகும்போது எஞ்சின் அதை உறிஞ்சிவிட்டால் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடே வளைந்துவிடும், அந்தப் பயம்தான் பெரிது. அப்புறம், எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போட்டவர்களுக்கு உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் எண்ணெய் படிந்து தொந்தரவு வந்ததா? பழைய ஃபில்டர் பாக்ஸிலேயே ஃபில்டரை மட்டும் மாற்றியவர்களுக்கு ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் இல்லாமல் வித்தியாசம் தெரிந்ததா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.