எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு லாக்ராஸ் கிளப்: பெரிய கிளப்பின் இரண்டாம் அணியா, ஊர்க் கிளப்பின் ஒரே அணியா?

கேரி_அம்மா:

வணக்கம். நாங்கள் நார்த் கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு, 2030இல் பள்ளி முடிப்பாள். லாக்ராஸில் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) மிட்ஃபீல்டு ஆடுகிறாள். இடது கைக்காரி, டிரா எடுப்பதில், அதாவது நடுவில் இரண்டு பேர் பந்துக்காக மோதி ஆட்டத்தைத் தொடங்குவதில், கெட்டி. நார்த் கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில் பக்கத்திலேயே இருப்பதால் அவ்வப்போது ஆட்டம் பார்க்கப் போவோம். 2025இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனதிலிருந்து இவளுக்குக் கல்லூரியில் ஆடுவதைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கும் என் கணவருக்கும் இந்த விளையாட்டு சுத்தமாகத் தெரியாது. கிரிக்கெட் என்றால் அவர் விடிய விடியப் பேசுவார். இதில் நடுவர் எதற்கு விசில் ஊதினார் என்றுகூட மகளைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது கண்முன் இரண்டு கிளப். ஒன்று ஊர்க் கிளப். பயிற்சி மைதானம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். அவளுடைய வருடத்துக்கு ஒரே அணிதான், அதில் இவள் முக்கியமான ஆள். வருடக் கட்டணம் 2,400 டாலர். இன்னொன்று, வடக்கே பெரிய பெயர் எடுத்த ஒரு கிளப் இங்கே திறந்திருக்கும் கிளை. கட்டணம் 4,500, பயணச் செலவு தனி. அங்கே 2030இல் பள்ளி முடிப்பவர்களுக்கு இரண்டு அணி. இவளை இரண்டாவதில் எடுப்பதாகவும், நன்றாக ஆடினால் அடுத்த வருடம் மேலே ஏற்றுவதாகவும் சொல்கிறார்கள். வெப்சைட்டைத் திறந்தால் டியூக், நார்த்வெஸ்டர்ன், பாஸ்டன் காலேஜ் என்று அவர்களிடம் ஆடிய பெண்கள் சேர்ந்த கல்லூரிகள் லோகோ லோகோவாக ஓடுகின்றன. என் கணவர் அதைப் பார்த்து மயங்கி, ஸ்காலர்ஷிப் கணக்கும் போட ஆரம்பித்துவிட்டார். மகளோ தோழிகள் இருப்பதால் ஊர்க் கிளப்தான் என்கிறாள். சீக்கிரம் முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

எலிகாட்சிட்டி_பார்வதி:

கேரி அம்மா, நாங்கள் மேரிலாந்து. இங்கே தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு லாக்ராஸ் கிளப் மேல்தான் விழ வேண்டும். என் பெண் டிஃபென்ஸ். இப்போது பென்சில்வேனியாவில் ஒரு டி3 கல்லூரியில் ஆடுகிறாள், மூன்றாம் ஆண்டு. (கல்லூரி விளையாட்டில் டி1, டி2, டி3 என்று மூன்று மட்டம், டி1தான் மேல்.)

கிளப்பின் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவள் சேரப்போகும் அணியைப் பற்றி மட்டும் கேளுங்கள். அந்த லோகோக்களில் பெரும்பாலானவை முதல் அணிப் பெண்கள் வாங்கியதாகத்தான் இருக்கும். இரண்டாம் அணியில் இருந்து பள்ளி முடித்த பெண்கள் எங்கே போனார்கள் என்று முழுப் பட்டியல் கேளுங்கள், கல்லூரியில் ஆடாமல் விட்டவர்கள் உட்பட. ஒழுங்கான கிளப் என்றால் தயங்காமல் தருவார்கள். அதில் டி2, டி3 நிறைய இருக்கும், அதில் குறைவு ஒன்றுமில்லை. "எங்களுக்கு எல்லா அணியும் ஒன்றுதான்" என்று மழுப்பினால் விஷயம் புரிந்துவிடும். இன்னொன்று, பட்டியலில் இருக்கும் சில பெண்கள் பத்தாம் வகுப்பு வாக்கில் வேறு கிளப்பிலிருந்து வந்து சேர்ந்தவர்களாக இருப்பார்கள். வளர்த்தது யாரோ, லோகோ போடுவது இவர்கள்.

அடுத்தது மைதானம். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கல்லூரிப் பெண்கள் அணிகளின் கோச்சுகள் சங்கமான ஐடபிள்யூஎல்சிஏ நடத்தும் டோர்னமெண்ட்களுக்குத்தான் கோச்சுகள் கூட்டமாக வருவார்கள். ஜூலையில் ரிச்மண்ட் பக்கம் நடக்கும் கேப்பிடல் கப், நவம்பரில் ஃபுளோரிடாவில் நடக்கும் பிரெசிடெண்ட்ஸ் கப் போன்றவை. மேல் பிரிவு ஆடும் மைதானத்தில் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு கல்லூரிச் சட்டையில். அதே டோர்னமெண்ட்டில் கீழ்ப் பிரிவு சில சமயம் காரில் போகிற தூரத்தில் வேறொரு வளாகத்தில் ஆடும். அங்கே நாங்கள் பெற்றோர் மட்டும்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். ஆகவே "கேப்பிடல் கப் போவோம்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். போன கோடையில் அந்த இரண்டாம் அணி எந்தப் பிரிவில் ஆடியது என்று கேளுங்கள். ஊர்க் கிளப்பையும் இதே கேள்வி கேளுங்கள். அவர்கள் பக்கத்து ஊர் டோர்னமெண்ட்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் என்றால் பின்னால் அது பிரச்சினைதான். ஆனால் இந்த வருடம் இல்லை.

ஏன் இந்த வருடம் இல்லை என்கிறேன் என்றால், முன்பெல்லாம் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்களே வாய்ப்பேச்சில் ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்து கமிட் ஆனார்கள். 2017இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அதற்குக் கதவைச் சாத்தியது. பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1 வரை டி1 கோச் உங்கள் மகளிடமோ உங்களிடமோ ரெக்ரூட்டிங் (அணிக்கு ஆள் எடுப்பது) பற்றிப் பேசக்கூடாது. உங்கள் கணக்குப்படி அது 2028 செப்டம்பர் 1. டி2 என்றால் அதே வருடம் ஜூன் 15. டி3 கோச்சுகளுக்கு போன், ஈமெயிலில் அந்தத் தடை இல்லை, ஆனாலும் அவர்கள் நிதானமாகத்தான் வருவார்கள். பேசத்தான் கூடாது, ஆட்டம் பார்த்துப் பெயர் குறித்துக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு 2027, 2028 ஆகிய இரண்டு கோடைதான் கனமானவை.

அதுவரை அவள் நிறைய ஆட வேண்டும், அவ்வளவுதான். மைதானத்தில் கோல்கீப்பரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ரோஸ்டரில், அதாவது அணிப் பட்டியலில், இருபத்து நான்கு பேர் இருந்தால் எப்போதும் பாதிப் பேர் கோட்டுக்கு வெளியே. உங்கள் மகள் டிரா எடுப்பவள் என்பதால் இன்னும் கவனமாக இருங்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் டிரா உண்டு, அதை ஜெயிக்கிறவள் பந்தைத் தன் அணிக்கே மறுபடி மறுபடி வாங்கித் தருகிறாள். எந்தக் கோச்சும் அப்படிப்பட்டவளைக் கவனிக்காமல் போக மாட்டார். பெரிய கிளப்பில் டிராவுக்கு ஏற்கெனவே வேறு ஆள் இருந்தால் உங்கள் பெண்ணின் ஆகச் சிறந்த சரக்கு வெளியே தெரியாமலே போகும். ரோஸ்டர் எத்தனை பேர், டிராவுக்கு யார் என்று ஈமெயிலில் கேட்டு ஈமெயிலிலேயே பதில் வாங்குங்கள்.

கிளப்பில் ரெக்ரூட்டிங் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் கல்யாணத் தரகர் மாதிரி. பெரிய இடத்துச் சம்பந்தம் மட்டுமே பேசிப் பழகியவருக்கு, நம் பெண்ணுக்குப் பொருந்துகிற ஓஹையோ கல்லூரியில் ஒருவரையும் தெரியாமல் இருக்கலாம். என் பெண்ணுக்குக் கைகொடுத்தவர் ஒரு சின்ன கிளப்பின் கோச். தானே டி3 ஆடியவர், அந்தக் கோச்சுகளோடு பெயர் சொல்லிப் பழகுகிறவர். "இந்தப் பெண்ணுக்கு வேகம் கொஞ்சம் கம்மி, ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று இவளுக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது" என்று போனில் உள்ளதை உள்ளபடி சொன்னார். குறையையும் சேர்த்துச் சொல்வதால்தான் அவர் பேச்சை நம்பினார்கள்.

எடிசன்_சுந்தர்:

இது உங்கள் கணவருக்கு. சார், ஸ்காலர்ஷிப் கணக்கை இன்னொரு முறை போடுங்கள்.

டி1 பெண்கள் லாக்ராஸில் சமீப காலம்வரை ஒரு கல்லூரிக்கு மொத்தமே 12 முழு ஸ்காலர்ஷிப்தான். அதை முப்பது பேருக்கு மேல் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். டி2வில் 9.9. கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, 2025-26 முதல், அந்த ஏற்பாட்டில் சேர்ந்த டி1 கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், ரோஸ்டருக்கு 38 பேர் என்ற உச்சவரம்பு வந்திருக்கிறது. கொடுக்க அனுமதி வந்துவிட்டது, பட்ஜெட் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. டி3 கல்லூரிகளும், ஹார்வர்ட், யேல் போன்றவை இருக்கும் ஐவி லீக்கும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தருவதில்லை. தேவையைப் பார்த்துத் தருவார்கள், டி3யில் படிப்பைப் பார்த்தும் தருவார்கள்.

செலவுப் பக்கம்: 4,500 ஆரம்பம்தான். பல டோர்னமெண்ட்களில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, பக்கத்தில் மலிவாக இருந்தாலும். விமானம், வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்குச் சில வருடம் பத்தாயிரத்தைத் தொட்டது. பள்ளி முடியும்வரை அப்படியே போனால் என்ன வரும் என்று பெருக்கிப் பாருங்கள். 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் போட்டால் அந்தப் பணம் உங்களுடையது.

லாக்ராஸ் நிஜமாகவே உதவும் இடம் அட்மிஷன். நல்ல டி3 கல்லூரிகளில், பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் உங்கள் மகளின் மதிப்பெண்களை அட்மிஷன் ஆபீஸில் கொடுத்து, இடம் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே ஒரு கணிப்பு, ப்ரீ-ரீட் என்பார்கள், வாங்குவார். அங்கே சரி என்றால் கோச்சின் ஆதரவோடு எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று முன்கூட்டியே போடும் விண்ணப்பம்) விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் இல்லை என்றால் கோச் எவ்வளவு ஆசைப்பட்டாலும் நடக்காது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளியைப் பாதியில் விட்டுக் கிளம்ப வைக்கும் கிளப்பா என்று பாருங்கள். டி1, டி2வுக்கு என்சிஏஏ கேட்கும் 16 கோர் கோர்ஸ் (பள்ளியில் கட்டாயம் முடிக்க வேண்டிய பாடங்கள்) விஷயமும் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் சொல்லி வையுங்கள்.

எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி முடிந்தது. மகள் பதினொன்றாவதில் போதும் என்று நிறுத்திவிட்டாள். இப்போது ஒரு பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டியில் மாணவர்களே நடத்தும் கிளப் அணியில் ஆடுகிறாள். முன்னைவிட அதிகம் சிரிக்கிறாள்.

கோல்கீப்பர்_திவ்யா:

ஆன்ட்டி, நான் டி2 ஆடி முடித்தவள். ஆடுகிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஆள் தேர்வு செய்யும் ட்ரைஅவுட் அன்றைக்கு எல்லா கோச்சும் இனிமையாகத்தான் இருப்பார்கள். அதனால் ஒரு சாதாரணப் பயிற்சி நாளில் சொல்லாமல் போய் நின்று பாருங்கள். பந்தைத் தவறவிட்ட பெண்ணிடம் கோச் என்ன பேசுகிறார் என்பது மட்டும் போதும். நான் முதலில் இருந்த கிளப்பில் ஒரு கோல் விட்டால் உடனே ஆளை மாற்றுவார்கள். நாங்கள் இரண்டு கோல்கீப்பரும் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வார்ம்-அப் ஒழுங்காகச் செய்கிறார்களா என்றும் பாருங்கள். திடீரென்று நின்று திரும்புகிற ஆட்டம் இது. முழங்காலில் ஏசிஎல் என்ற இணைப்பு நார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். என் அணியிலேயே பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் நான்கு ஆட்டம் வைப்பதைப் பெருமையாகச் சொல்லும் கிளப் என்றால் எனக்குப் பயம். குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆடினால் விடுவார்களா என்று கேளுங்கள். பல விளையாட்டு ஆடும் பெண்களைக் கல்லூரிக் கோச்சுகளுக்குப் பிடிக்கும், கிளப்புகளுக்குத்தான் சில சமயம் பிடிக்காது.

அப்புறம், நேரம் வரும்போது கோச்சுகளுக்கு அவளே எழுதட்டும். அம்மா எழுதிய ஈமெயில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும் ஆன்ட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேரி_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திவ்யா, கோபம் ஒன்றும் இல்லைம்மா, ஒரு ஈமெயில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.

இரண்டு கிளப்புக்கும் கேள்விகளை அனுப்பினேன். பெரிய கிளப்பின் பதில் சுவாரசியம். இந்தக் கிளை தொடங்கி மூன்று வருடம்தான் ஆகிறது, இங்கிருந்து இன்னும் ஒரு பெண்கூடப் பள்ளி முடிக்கவில்லை. லோகோ அத்தனையும் வடக்கே இருக்கும் அணிகளுடையது! அது தப்பில்லை, ஆனால் நாங்கள் கேட்கும்வரை யாரும் சொல்லவில்லை. இரண்டாம் அணி ரோஸ்டர் 23. டிராவுக்கு இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஊர்க் கிளப் கோச் அன்று மாலையே பட்டியல் அனுப்பினார். சமீபத்தில் முடித்துப் போனவர்களில் ஒரு பெண் டி1, மற்றவர்கள் பெரும்பாலும் டி2, டி3, சிலர் ஆடவில்லை. போன கோடையில் கேப்பிடல் கப்பில் கீழ்ப் பிரிவு, அதை அவரே சொன்னார். "பத்தாம் வகுப்புக்குள் அவள் எங்கள் அணியைத் தாண்டி வளர்ந்துவிட்டால் எங்கே போகலாம் என்று நானே சொல்வேன்" என்றும் எழுதியிருக்கிறார். இந்த வருடம் அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டோம். என் கணவர் அரை மனதாகத்தான் சம்மதித்திருக்கிறார். அவர் கேட்கச் சொன்ன கேள்வி: ஒன்பதாவது முடிந்து கிளப் மாறினால் கெட்ட பெயர் வருமா?

எலிகாட்சிட்டி_பார்வதி:

வராது. எல்லாரும் மாறுகிறார்கள், இங்கே கோடைதோறும் பாதி ஊர் இடம் மாறும். சீசன் நடுவில் விட்டுப் போனால்தான் பேச்சு வரும். சில டோர்னமெண்ட்களில் வேறு அணிக்கு கெஸ்ட் பிளேயராக ஆட விடுவார்கள். அடுத்த கோடையில் கோச்சிடம் சொல்லிவிட்டே அப்படி ஒன்றில் ஆடிப் பார்க்கட்டும், மேல் மட்டம் எப்படி என்று அவளுக்கே தெரியும். ஒப்பந்தத்தில் அடிபட்டால் கட்டணம் திரும்புமா என்ற பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், பல கிளப்பில் திரும்பாது.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை சொல்கிறேன். இப்போதிருந்தே டிராவை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் நின்று, பந்தை மட்டும் துரத்தாமல் வட்டத்தைச் சுற்றி நிற்பவர்களும் தெரிகிற மாதிரி. எடுக்கும்போது கத்தக் கூடாது, அதுதான் முக்கியம். எல்லாம் பதிவாகிவிடும்.