நகல் மனு திரும்பி வந்துவிட்டது: பாகப்பிரிவினை டிக்ரி காப்பி எங்கே, எப்படிக் கேட்பது?

மலைத்தோட்டம், ஏற்காடு:
தாத்தாவின் தோட்டத்துக்காக அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த பாகப்பிரிவினை வழக்கு 2003-இல் முடிந்தது. இப்போது அப்பா இல்லை. பட்டா உட்பிரிவுக்குப் போனால் சர்டிஃபைடு காப்பி கேட்கிறார்கள். என்னிடம் மங்கிப்போன ஜெராக்ஸ்தான் இருக்கிறது. அதன் பின்னால் ‘ஏ.எஸ். 41/2001’ என்று பேனாவில் எழுதியிருந்ததால், அந்த எண்ணைப் போட்டு முன்சீப் கோர்ட்டில் நகல் மனு கொடுத்தேன். ‘எண் சரியில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். மலைக்கு மேலே காப்பிக்குப் பஞ்சமில்லை, இந்தக் காப்பிக்குத்தான் அலைகிறேன்.

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
ஏ.எஸ். என்பது மேல்முறையீட்டு எண். அது சப் கோர்ட்டிலோ மாவட்ட கோர்ட்டிலோ கொடுத்ததாக இருக்கும், முன்சீப் கோர்ட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அசல் வழக்கு ஓ.எஸ். என்று இருக்கும். ஐ.ஏ. என்றால் வழக்கின் நடுவில் போட்ட மனு, ஈ.பி. என்றால் நிறைவேற்று மனு. பின்பக்கப் பேனா எழுத்தை விட்டுவிட்டு முதல் பக்கத் தலைப்பில் என்ன எண், எந்தக் கோர்ட் என்று பாருங்கள்.

மலைத்தோட்டம், ஏற்காடு:
பார்த்தேன் அண்ணா. ஓ.எஸ். 212/1996 என்று இருக்கிறது. உள்ளே ‘வாதிக்கு 1/2 பங்கு உண்டு என முதனிலைத் தீர்ப்பாணை’ என்று ஒரு வரி.

செவ்வாய்ப்பேட்டை பத்திரம்:
உங்கள் சிக்கலே அந்த வரிதான். முதனிலைத் தீர்ப்பாணை, அதாவது முதல் கட்ட டிக்ரி, ‘பாதி உனக்கு’ என்று சொல்லுமே தவிர, எந்தப் பாதி என்று சொல்லாது. சர்வேயர் எந்த இடத்தில் கல் நடுவார்? கோர்ட் நியமித்த கமிஷனர் அளந்து வரைபடம் கொடுத்து, அதன்மேல் பிறப்பித்த இறுதித் தீர்ப்பாணைதான் வேண்டும். அது முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டியது. தரப்பினர் தாள் கட்டாமல் விட்டு, எழுதப்படாமலே கிடக்கும் வழக்குகளும் உண்டு, அதையும் விசாரியுங்கள். இறுதித் தீர்ப்பாணை கேட்டு மனுவே போடவில்லை என்றாலும் பயம் வேண்டாம். பாகப்பிரிவினையில் அதற்குக் காலவரம்பு இல்லை என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வழக்கு விவரங்கள் இருக்கும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அச்செடுத்த தாள் சான்றிட்ட நகல் ஆகாது. 1996 வழக்கு அதில் இல்லாவிட்டால், வழக்குப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கக் கோர்ட்டில் தனி மனு போடலாம்.

மனுவில் ‘டிக்ரி காப்பி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஓ.எஸ். தீர்ப்பு, முதனிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை, கமிஷனர் அறிக்கை, வரைபடம் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பும் தீர்ப்பாணையும் வேறு கோர்ட், அதற்கு வேறு மனு. அப்பீல் முடிந்துவிட்டால் கீழ்க்கோர்ட் டிக்ரி மட்டும் போதாது, இரண்டும் வேண்டும்.

வழக்கில் கட்சிக்காரர் அப்பா என்பதால் நீங்கள் வாரிசாக மனு போடுகிறீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எதற்காக நகல் வேண்டும் என்று சொல்லும் பிரமாணப் பத்திரம் மூன்றையும் சேருங்கள். வழக்கில் சம்பந்தமே இல்லாதவர் கேட்டால் காரணம் காட்டிக் கோர்ட் உத்தரவு வாங்க வேண்டும்.

மனு கொடுத்ததும் சி.ஏ. எண்ணை, அதாவது நகல் மனு எண்ணை, வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அறிவிப்புப் பலகையில் ‘ஸ்டாம்ப் கேட்கப்பட்டவை’ பட்டியல் ஒட்டுவார்கள். கேட்ட ஸ்டாம்ப் தாளைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருபவர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் யாரையாவது பார்க்கச் சொல்லிவையுங்கள்.

ஓமலூர் ரோடு:
நடுவில் ஒரு சந்தேகம். ஆர்.டி.ஐ. என்கிற தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சுலபமாகக் கிடைக்காதா? அப்புறம், காப்பி தாமதமானால் அப்பீல் நாள் போய்விடுமா?

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
கிடைக்காது. கோர்ட் விதியில் நகல் வாங்க வழி இருக்கும்போது அந்த வழியில்தான் கேட்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அப்பீல் கெடு மாவட்ட அளவில் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகலுக்குத் தேவைப்பட்ட நாட்களை அந்தக் கெடுவில் சேர்க்க மாட்டார்கள். நகலிலேயே மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், பெற்ற நாள் என்று முத்திரை இருக்கும். நீங்கள் ஸ்டாம்ப் கட்டாமல் இழுத்த நாளும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாளும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

செவ்வாய்ப்பேட்டை பத்திரம்:
தம்பி மலைத்தோட்டம், நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சொத்து விவரத்தைப் படியுங்கள். சர்வே எண்ணில் ஓர் எழுத்து தப்பினாலும் தாலுகா ஆபீஸில் திருப்புவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சீல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் இலவச உதவிக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் பேசலாம். பெண்களுக்கும், உங்கள் மலையில் வாழும் மலையாளி மக்கள் உட்படப் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள்.

மலைத்தோட்டம், ஏற்காடு:
அப்படியானால் நகல் மனுவை அம்மா பெயரில் போட்டுவிடுகிறேன். வாரிசுச் சான்றில் அவர் பெயரும் இருக்கிறது.

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
போடலாம். பிரமாணப் பத்திரத்திலும் அவரே கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றில் அவர், இன்னொன்றில் நீங்கள் என்று இருந்தால் மறுபடியும் திரும்பும்.