திருவனந்தபுரம் – டொராண்டோ: உண்மையில் எத்தனை மணி நேரப் பயணம்?

கேள்வி (மார்த்தாண்டம்):
மகளின் பேறுகாலத்துக்காக என் மனைவி ஜூலையில் டொராண்டோ செல்கிறார். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, துபாயில் 3 மணி நேரக் காத்திருப்பு, அன்றே பிற்பகல் 3.30-க்கு டொராண்டோ என்று பயணச்சீட்டில் உள்ளது. துபாய்க்கே 4 மணி நேரம் ஆகிறபோது, உலகின் மறுபக்கத்துக்கு மொத்தம் பதினொன்றரை மணி நேரம்தானா? அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் சரியான கணக்குத் தெரிய வேண்டும். தூரத்தையும் யாரேனும் சொன்னால் நல்லது.

பதில் (தக்கலை):
ஐயா, சீட்டில் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அவர் இறங்கும்போது உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் மறுநாள் அதிகாலை 1 மணி ஆகியிருக்கும். ஆக மொத்தம் 21 மணி நேரம். அதில் துபாய் வரை 4, அங்கிருந்து 14. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதற்குப் பிறகு திரும்புவதாக இருந்தால் பத்தரை மணி நேரம் என்று கணக்கிடுங்கள்.

பதில் (குளச்சல், கப்பல் பணி):
நேர்தூரம் சுமார் 13,750 கி.மீ. துபாய் வழியாகச் சென்றால் 2,950-உம் 11,080-உம் சேர்ந்து ஏறக்குறைய 14,030 கி.மீ., அதாவது சுற்று 300 கிலோமீட்டருக்கும் குறைவு. தட்டையான வரைபடத்தில் இதை நம்ப முடியாது. பேரப்பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் திருவனந்தபுரத்தில் ஒரு நூலை விரலால் அழுத்தி, டொராண்டோ வரை தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். அது அரபிக்கடலோடு மேற்கே போகாமல், வடக்கே ஏறி, ஸ்வீடனின் வடமுனையையும் கிரீன்லாந்தையும் தொட்டுத்தான் இறங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. திரும்பும் சீட்டில் டொராண்டோ – துபாய் நேரம் ஒரு மணிக்கும் மேல் குறைவாக உள்ளதே, பூமி சுழல்வதாலா?

பதில் (குளச்சல், கப்பல் பணி):
இல்லை. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்வதால் அதில் லாபம் எதுவும் இல்லை. விமானம் பறக்கும் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், வட அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் உண்டு. போகும்போது அதை எதிர்த்தும், வரும்போது அதன் தள்ளலோடும் பறக்கிறார்கள். நம் வள்ளக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதில் (தக்கலை):
மாத்திரைக்கு 21 மணி நேரம் போதாது, ஐயா. மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலையும் சேர்த்தால் இரவு 11 மணிக்கே வீட்டைவிட்டு இறங்குவார். மருத்துவரிடம் 26 மணி நேரம் என்றே சொல்லிக் கேளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், டொராண்டோவில் இறங்கும்வரை கைக்கடிகாரத்தை நம் நேரத்திலிருந்து மாற்ற வேண்டாம்.