அபோட்டாபாத் தடுப்பூசி முகாம்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த விவாதம்

யாழினி: சித்தி, இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கை வகைப் போலியோ ஒரு குழந்தைக்கும் வரவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும் அது ஏன் இன்னும் ஒழியவில்லை?

மீனாட்சி சித்தி: போர், இடப்பெயர்வு, மதத்தின் பெயரால் நடக்கும் பிரசாரம் எனக் காரணங்கள் பல உண்டு, யாழினி. அவற்றோடு அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. வலியக் கொண்டுபோய்ச் சேர்த்த காரணமும் ஒன்று இருக்கிறது. பின்லேடன் ஒளிந்திருப்பதாகக் கருதிய, பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகர வீட்டிலிருந்த குழந்தைகளின் மரபணு மாதிரியைப் பெறுவதற்காக, ஷகீல் அஃப்ரிடி என்ற மருத்துவரைக் கொண்டு 2011-இல் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்தினார்கள். சந்தேகம் வராதிருக்க முதலில் நவாஷேர் என்ற ஏழைப் பகுதியில் ஊசி போட்டார்கள். மூன்று தவணை போட வேண்டிய ஊசி அது; முதல் தவணையோடு அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டு, அந்த வீடு இருந்த பிலால் டவுனுக்கு முகாமை மாற்றிவிட்டார்கள். பணிக்காலம் முழுவதும் தடுப்பூசிப் பெட்டியோடு தெருத்தெருவாக நடந்தவள் நான்; உளவு பார்த்ததைவிட, இரண்டாம் தவணையைப் போடாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ராமநாதன் மாமா: 2001-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொன்ற கூட்டத்தின் தலைவனைப் பிடிக்க வேண்டியிருந்தது, மீனாட்சி. அதோடு, பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான் தலைவன் முல்லா ஃபஸ்லுல்லா 2007-இலேயே வானொலியில் சொட்டு மருந்துக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தான். பாகிஸ்தானில் 2011-இல் 198 ஆக இருந்த போலியோ பாதிப்பு, முகாம் அம்பலமான மறு ஆண்டே 58 ஆகக் குறைந்தது. உன் வாதத்துக்கு அது பொருந்தவில்லையே?

மீனாட்சி சித்தி: 58-ஓடு நிறுத்திவிடாதீர்கள், அண்ணா. 2013-இல் 93, 2014-இல் 306. அமெரிக்காவின் ஆளில்லா விமானத் தாக்குதல் நிற்கும் வரை, பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதியான வடக்கு வஜிரிஸ்தானில் சொட்டு மருந்து கூடாது என்று 2012 ஜூனில் தடை விதித்த தாலிபான் தளபதி ஹஃபீஸ் குல் பகதூர், அஃப்ரிடியின் உளவு வேலையையும் காரணமாகக் காட்டினான். அந்தத் தடையால் மருந்தே காணாதிருந்த பழங்குடிப் பகுதிக் குழந்தைகளிடம்தான் நோய் பெருகியது. ஃபஸ்லுல்லா பரப்பியது வதந்தி. அதற்கு ஆதாரம் தேடிக் கொடுத்தது சி.ஐ.ஏ. அஃப்ரிடி தங்களுக்கு உதவினார் என்பதை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டாவே 2012-இல் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு கதவைத் தட்டும் ஒரு பெண் தான் உளவாளி இல்லை என்று எதைக் காட்டி நம்பவைப்பாள்? அந்த டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பகுதியிலும் சில நாட்களுக்குள் போலியோ பணியாளர்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

ராமநாதன் மாமா: அந்தப் பழி சுட்டவர்களையே சேரும்.

கதிர் அத்தான்: சுட்டவர்களைத்தான் சேரும், அப்பா. ஆனால் அந்த வீட்டை 2010 ஆகஸ்டிலேயே, பின்லேடனின் தூதுவன் ஒருவனைப் பின்தொடர்ந்து கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர் யார் என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காகவே முகாம் நடந்தது. கடைசியில் அந்த உறுதி இல்லாமலேயே ஒபாமா படையை அனுப்பினார்.

ராமநாதன் மாமா: அப்படியானால் முகாம் வேண்டாத வேலைதான். அவனைத் தேடியதே தவறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மீனாட்சி சித்தி: யாரும் அப்படிச் சொல்லவில்லை, அண்ணா. அமெரிக்காவின் 12 பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள், மருத்துவப் பணியை உளவுக்கு முகமூடியாக்கக் கூடாது என்றுதான் 2013 ஜனவரியில் ஒபாமாவுக்கு எழுதினார்கள். சி.ஐ.ஏ. இனி தடுப்பூசித் திட்டங்களைப் பயன்படுத்தாது என்று வெள்ளை மாளிகையிலிருந்து பதில் வந்தது 2014 மே மாதத்தில். அதே மாதம்தான் போலியோ பரவலை உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு அவசரநிலையாக அறிவித்தது.