டூம்ஸ்டோனுக்கு விலக்கு, பைல்டிரைவருக்குத் தடை: காரணம் என்ன, முடிவு யார் கையில்?

மூலைக்கம்பம் கேட்டது:

1997 ஆகஸ்ட் 3, டபிள்யூடபிள்யூஎஃப் (இப்போ டபிள்யூடபிள்யூஇ) மல்யுத்த நிறுவனத்தோட சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போட்ட பைல்டிரைவரை (ஆளைத் தலைகீழாத் தூக்கி, தலை கீழே வர்ற மாதிரி இறக்குற மூவ்) வீடியோவுல நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பிடி அப்படியே அண்டர்டேக்கரோட டூம்ஸ்டோன் பிடிதான். வயிறோட வயிறு ஒட்டி, ஆள் தலைகீழ். ஆனா ஆஸ்டின் கழுத்து போச்சு. அண்டர்டேக்கர் அதே பிடியை எத்தனையோ வருஷம் போட்டார். 2000 வாக்குல டபிள்யூடபிள்யூஎஃப் பைல்டிரைவரைத் தடை பண்ணினப்போ அவருக்கும் இன்னொரு வீரரான கேனுக்கும் மட்டும் விலக்கு. பெரிய பெயருங்கிறதால கொடுத்த சலுகையா, இல்ல மூவ்லயே வித்தியாசம் இருக்கா?

கூடவே இன்னொண்ணு. ஒரு மூவைத் தடை பண்றது, முன்னாடியே எழுதி வச்ச மேட்ச் முடிவை மாத்துறது, இதுக்கெல்லாம் கடைசி அதிகாரம் யாருக்கு? கம்பெனியை நடத்திட்டு 2022 ஜூலையில ஓய்வுன்னு அறிவிச்ச வின்ஸ் மக்மான் 2023 ஜனவரியில எப்படி உள்ளே வர முடிஞ்சது? பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனியில இது எப்படி நடக்கும்?

ரெண்டேமுக்கால்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். பிடி ஒண்ணுதான், இறங்குற விதம் வேற. அந்தக் கடைசி அரை நொடியில போடுறவரோட தொடை எங்கே போகுதுன்னு மட்டும் பாருங்க.

டூம்ஸ்டோன்ல போடுறவர் முழங்கால் போட்டு இறங்குறார். தொடை கடைசிவரைக்கும் செங்குத்தாவே நிக்குது. வாங்குறவரோட தலை ரெண்டு தொடைக்கும் நடுவுல, முழங்காலுக்கு மேல இருந்துட்டா, முழங்கால்தான் முதல்ல கான்வாஸைத் தொடும். தலை தரைக்கு வரவே வராது. அந்த இடைவெளியைத் தொடையே மறைச்சிடுறதால பார்க்கிறவங்களுக்குத் தலை குத்தின மாதிரி தெரியும்.

அதே பிடியில உட்கார்ந்து இறங்கினா, கால் ரெண்டும் முன்னால நீண்டு தொடை படுக்கையாயிடுது. நிக்கும்போது தலைக்குக் காவலா இருந்தது அந்த நொடியில விலகிடுது. மிச்சம் இருக்கிற பாதுகாப்பு தொடையோட பருமன் மட்டும்தான். தலை உச்சி தொடையைத் தாண்டிக் கீழே கொஞ்சம் தொங்கினாலும், ரெண்டு பேர் எடையும் உச்சந்தலை வழியா நேரா கழுத்தெலும்புக்குள்ள இறங்கும். ஆஸ்டினுக்கு நடந்தது இதுதான். ஓவன் முழங்கால்ல இறங்காம உட்கார்ந்து இறங்கினார், தலை ஏற்கனவே தொடைக்குக் கீழே வந்திருந்தது. கை கால் உணர்ச்சி போன நிலையிலதான் ஆஸ்டின் தவழ்ந்து வந்து ஒரு ரோல்-அப்பை (ஆளைச் சுருட்டித் தோளைத் தரையில அமுக்குறது) போட்டு மேட்ச்சை முடிச்சார். கழுத்து அறுவை சிகிச்சைக்காக 1999 கடைசியில விலகினவர் திரும்பி வர 2000 ஆயிடுச்சு.

எங்கெல்லாம் தப்பும்னா:

தூக்கினதும் ஒரு தடவை மேலே குலுக்கி ஏத்திக்கணும். வியர்வையில உடம்பு வழுக்கும். முதல் பிடியிலேயே இறங்கிட்டா தலை எங்கே இருக்குன்னு போடுறவருக்குத் தெரியாது. வாங்குறவர் சும்மா தொங்கக்கூடாது. போடுறவரோட தொடையை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுத் தன்னை மேலே இழுத்துக்கணும். போடுறவர் தொடையை இறுக்கணும். குதிச்சு இறங்கக்கூடாது, குதிச்சா ரெண்டு உடம்பும் காத்துல ஒரு கணம் பிரிஞ்சு, வாங்குறவர் சறுக்குவார்.

உயரமும் ஒரு விஷயம். போடுறவர் குள்ளமாவும் வாங்குறவர் நீளமாவும் இருந்தா தலை தானாவே கீழே வரும். ஆஸ்டின் ஓவனைவிட உயரம். அண்டர்டேக்கருக்கும் கேனுக்கும் கால் நீளம், தொடைக்கு நடுவுல தாராளமா இடம். விலக்குக்கு அந்தஸ்து ஒரு காரணமா இருந்திருக்கலாம். ஆனா அந்த ரெண்டு உடம்புக்கும் அந்த மூவ் பொருந்திச்சுங்கிறதுதான் பெரிய காரணம்னு நினைக்கிறேன்.

கான்வாஸ்:

மேலே சொன்னதோட சாதாரண பைல்டிரைவரைக் குழப்பிக்காதீங்க. அதுல வாங்குறவரும் போடுறவரும் ஒரே பக்கம் பார்த்திருப்பாங்க. முதுகு போடுறவரோட வயித்துல ஒட்டும். அதுவும் உட்கார்ந்து இறங்குறதுதான், ஆனா இடுப்பைச் சுத்தி இறுக்கமா கட்ட முடியும், தலையைத் தொடைக்கு மேலே இழுத்து வச்சுட்டே இறங்கலாம். ஜெர்ரி லாலர் இதை வச்சே காலம் தள்ளினார்.

தடைங்கிற வார்த்தையில ரெண்டு வகை இருக்கு. லாலர் ஆடின மெம்ஃபிஸ் வட்டார மல்யுத்தத்துல பைல்டிரைவர் போட்டா தகுதிநீக்கம். அது கதைக்குள்ள இருக்கிற விதி. 1982 ஏப்ரல்ல நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனுக்குப் போட்டதுக்கு லாலர் மேட்ச்சையே இழந்தார். மூவுக்கு மதிப்பு ஏத்துறதுக்கான தடை அது. டபிள்யூடபிள்யூஎஃப் 2000-ல கொண்டுவந்தது திரைக்குப் பின்னால சொல்றது: போடாதே, அவ்வளவுதான். அதுவும் முழு இரும்புத் தடை இல்ல. 2013 பிப்ரவரியில ராவ்ங்கிற வாராந்திர நிகழ்ச்சியில சிஎம் பங்க், ஜான் சீனாவுக்கு ஒண்ணு போட்டார். வருஷக்கணக்கா யாரும் போடாம இருந்ததாலதான் அன்னைக்குக் கூட்டம் அப்படி அதிர்ந்தது.

உண்மையில பயப்பட வேண்டியது ஸ்டைல்ஸ் கிளாஷ். பார்க்க சாதுவா இருக்கும். வாங்குறவர் தலைகீழா இருக்கும்போது ஏஜே ஸ்டைல்ஸ் ஒவ்வொரு காலா முன்னால எடுத்து வச்சு அவரோட கை ரெண்டையும் காலுக்குப் பின்னால பூட்டிடுவார். அப்புறம் முன்பக்கமா சாய்ஞ்சு விழுவார். கை பூட்டியிருக்கிறதால ஊன்ற முடியாது. நெஞ்சு தட்டையா பட்டா ஒண்ணும் ஆகாது. தாடையை உள்ளே மடக்கினா நெத்தி முதல்ல குத்தி, மேலே இருக்கிற எடை கழுத்தை மடிச்சிடும். 2014 நவம்பர்ல யோஷிதாட்சு கழுத்து உடைஞ்சது இதுல.

மூலைக்கம்பம்:

தாடையை மடக்குறதுதானே எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறது? அப்போ பயிற்சியே எதிரா வேலை செய்யுதா?

கான்வாஸ்:

சரியா அதேதான். முதுகு பம்ப்பு (முதுகுல விழப் பழகுறது) பயிற்சியோட முதல் பாடமே தாடையை நெஞ்சோட ஒட்டுறது. இல்லேன்னா பின்மண்டை சாட்டை மாதிரி வந்து அடிக்கும். மூச்சை வெளியே விடணும், தோள்பட்டைகளுக்கு நடுவுல முதுகு மொத்தமா ஒரே நேரத்துல படணும், கையை உடம்புலேர்ந்து 45 டிகிரி அளவுக்கு விரிச்சு உள்ளங்கையால அறையணும். கையைப் பின்னால ஊன்றினா மணிக்கட்டோ முழங்கையோ போகும். ரிங் இரும்புச் சட்டம், மேலே பலகை, அதுக்கு மேலே மெல்லிய ஃபோம், கான்வாஸ். பலகை வளையறதாலதான் அடி தாங்குது. அகலமா விழுந்தா மட்டும் அந்த வளைவு உதவும். தலை மாதிரி ஒரு புள்ளியில இறங்கினா அந்த ஃபோம் கிட்டத்தட்ட இல்லாத மாதிரி.

ஆயிரக்கணக்கான தடவை செஞ்ச பழக்கம் யோசிக்காம வரும். ஸ்டைல்ஸ் கிளாஷ்ல அதுக்கு நேர் எதிரா, தலையைப் பின்னால தூக்கி எதிர்ல இருக்கிறவங்களைப் பார்க்கணும். பல வருஷ அனுபவம் இருக்கிறவருக்கும் அந்த நொடியில தாடை உள்ளே போயிடலாம். அதனால மேட்ச்சுக்கு முன்னாடியே பேசி, தூக்கினதும் காதுல ஒரு தடவை நினைவுபடுத்துறதுதான் வழி.

கோஹோம்:

மேட்ச் முடிவு பத்தி. எழுதுறது கிரியேட்டிவ் குழு. அதை மேட்ச்சா வடிக்கிறது புரொடியூசரும் ரெண்டு வீரர்களும். ரெஃப்ரி காதுல கருவி இருக்கும். நேரம், மாற்றம், முடிச்சிடுங்கன்னு சொல்றது எல்லாம் அவர் வழியாதான் உள்ளே போகும். யாருக்காவது நிஜமாவே காயம்னா தலைக்கு மேலே கையைக் குறுக்கா வச்சு எக்ஸ் குறி காட்டுறதும் அவர்தான். திரைக்குப் பின்னால அந்தக் கருவியோட மறுமுனை கொரில்லா பொசிஷன், நுழைவாயிலுக்கு ஒட்டின இடம். கொரில்லா மன்சூன் பேர்ல வந்தது.

சில வீரர்களோட ஒப்பந்தத்துல கிரியேட்டிவ் கண்ட்ரோல் பிரிவு இருக்கும், அதாவது தன் கதையிலயும் முடிவுலயும் தனக்கும் உரிமை. ஹல்க் ஹோகனுக்கு, போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவுல இருந்தது. பிரெட் ஹார்ட்டுக்கு டபிள்யூடபிள்யூஎஃப்ல கடைசி 30 நாளுக்கு, நியாயமான அளவுல, இருந்தது. அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் தாங்கும்னு 1997 நவம்பர் 9, மாண்ட்ரியால் சர்வைவர் சீரீஸ் காட்டிச்சு. ஷான் மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர்ங்கிற கால் முறுக்குப் பிடியைப் போடுவார், பிரெட் அதைத் திருப்புவார், கடைசியில தகுதிநீக்கத்துல முடியும்னு பேச்சு. பிடி விழுந்ததும் ரிங் ஓரத்துல நின்ன வின்ஸ் மணியை அடிக்கச் சொன்னார். ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் கை காட்டிட்டு வெளியே ஓடினார். பிரெட் தோல்வியை ஒத்துக்கவே இல்ல, பட்டம் போயிடுச்சு.

ஒப்பந்தத்தை மீறினா பின்னாடி வழக்குப் போடலாம். அடிச்ச மணியைத் திரும்ப எடுக்க முடியாது. பட்டம், ரெஃப்ரி, மணி, கேமரா எல்லாமே கம்பெனியோடது. அதனாலதான் மணியும் எண்ணிக்கையும் வெளியே இருக்கிறவர் கையில சிக்குற மாதிரி எந்த நீளப் பிடியையும் அந்த மாதிரிச் சூழ்நிலையில ஏத்துக்கக் கூடாதுன்னு பழைய ஆட்கள் எச்சரிப்பாங்க.

பத்துவாக்கு:

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பங்குச் சந்தையில் இருப்பதற்கும் கட்டுப்பாடு கைமாறுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1999 அக்டோபரில் டபிள்யூடபிள்யூஎஃப் ஒரு பங்கு 17 டாலர் என்று சந்தைக்கு வந்தபோதே இரண்டு வகைப் பங்குகள் இருந்தன. பொதுமக்கள் வாங்கியது ஏ வகை, ஒன்றுக்கு 1 வாக்கு. மக்மான் குடும்பத்திடம் இருந்தது பி வகை, ஒன்றுக்கு 10 வாக்கு. பி பங்கைக் குடும்பத்துக்கு வெளியே விற்றால் அது ஏ வகையாக மாறிவிடும். அதாவது பத்து வாக்கை வெளியாள் விலை கொடுத்தும் வாங்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 100 பங்குகள், அதில் 30 பி வகை என்று வைத்துக்கொள்வோம். பி தரப்புக்கு 300 வாக்கு, மற்ற 70 பங்குக்கு 70 வாக்கு. 370-ல் 300, ஏறக்குறைய 81 விழுக்காடு. லாபத்தில் பங்கு 30, அதிகாரத்தில் பங்கு 81. இன்னும் குறைத்துக்கொண்டே போனாலும் 100-ல் 10 பி பங்கு இருந்தால் பெரும்பான்மை கையில்தான்: 100 வாக்குக்கு எதிராக 90.

2022 ஜூலையில், இயக்குநர் குழு அவரைப் பற்றிய விசாரணையை நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், வின்ஸ் விட்டது பதவியை. பங்கை விடவில்லை. பதவியைக் குழு பறிக்கலாம், ஆனால் குழுவையே நியமிப்பது வாக்கு. 2023 ஜனவரியில் அவர் செய்தது அதைத்தான். கூட்டம்கூடக் கூட்டவில்லை. பெரும்பான்மைப் பங்குதாரரின் எழுத்துவழி ஒப்புதல் போதும் என்பதால், மூன்று இயக்குநர்களை நீக்கி, தன்னையும் முன்னாள் நிர்வாகிகளான மிஷல் வில்சன், ஜார்ஜ் பேரியோஸ் இருவரையும் அமர்த்தினார். தான் உள்ளே இல்லாமல் ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தத்துக்கோ விற்பனைக்கோ ஆதரவு தரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். வாக்கு அவரிடம் இருக்கும்போது இது மிரட்டலாக இருந்தாலும் வெறும் பேச்சு இல்லை. சில நாட்களில் அவர் மகள் ஸ்டெஃபனி மக்மான் நிர்வாகத்திலிருந்து விலகினார்.

ரெண்டேமுக்கால்:

இதோட டபிள்யூசிடபிள்யூவையும் சேர்த்துக்கணும். அங்கே வாக்குப் பிரச்சினையே இல்ல, முழுசா டர்னர் குழுமத்தோட சொத்து. உயிர்நாடி டிவி நேரத்துல இருந்தது. அதை முன்னாடி நடத்தின எரிக் பிஷாஃப் தரப்பு வாங்கத் தயாரா இருந்தப்போ, 2001 மார்ச்சுல டர்னர் ஒளிபரப்புத் தலைவர் ஜேமி கெல்னர் டர்னர் சேனல்கள்ல மல்யுத்தமே வேண்டாம்னு முடிவெடுத்தார். ஒளிபரப்ப இடம் இல்லாத கம்பெனியை எதுக்கு வாங்கணும்னு அவங்க பின்வாங்கிட்டாங்க. வின்ஸ் பேரையும், பழைய டேப்புகளையும், சில ஒப்பந்தங்களையும் மட்டும் சில்லறை விலைக்கு எடுத்துக்கிட்டார். கோல்ட்பர்க், ஸ்டிங், நாஷ் மாதிரி பெரிய சம்பள ஒப்பந்தங்கள் டர்னரோட தாய்க் கம்பெனியான டைம் வார்னர்கிட்டயே தங்கிடுச்சு. டபிள்யூசிடபிள்யூ ஆட்கள் டபிள்யூடபிள்யூஎஃப்புக்குள்ள புகுந்த அந்தப் படையெடுப்புக் கதை ஏன் பெரிய முகங்கள் இல்லாம சப்புன்னு போச்சுன்னா காரணம் இதுதான்.

மூலைக்கம்பம்:

தெளிவா புரிஞ்சது, நன்றி. ஒண்ணு மட்டும் பாக்கி. டிகேஓங்கிற புதுக் கம்பெனி வந்ததுக்கு அப்புறமும் அந்தப் பத்து வாக்கு வேலை செய்யுமா?

பத்துவாக்கு:

செய்யாது. 2023 செப்டம்பர் 12-ல் கலப்புச் சண்டைப் போட்டிகள் நடத்தும் யுஎஃப்சியோடு சேர்ந்து டிகேஓ உருவானபோது, யுஎஃப்சியின் உரிமையாளரான எண்டெவருக்கு 51 விழுக்காடு, டபிள்யூடபிள்யூஇ-யின் பழைய பங்குதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 49. வின்ஸ் அந்த 49-க்குள் ஒரு பகுதிதான். செயல் தலைவர் பதவி கிடைத்தது, ஆனால் குழுவைக் கலைக்கும் பலம் கணக்கிலேயே இல்லை. 2024 ஜனவரியில் அவர் மீது வழக்கு வந்து பதவி விலகியபோது, முந்தைய தடவை செய்ததுபோல் எழுத்துவழி ஒப்புதலை நீட்டித் திரும்பி வர அவரிடம் பெரும்பான்மை இல்லை. இனி எந்த மூவுக்குத் தடை, யாருக்கு விலக்கு என்பதை அன்றாடம் முடிவு செய்வது கிரியேட்டிவ் பொறுப்பில் இருக்கும் முன்னாள் வீரர் டிரிபிள் எச். அவரை அங்கே வைத்திருப்பதா என்பதை முடிவு செய்வது டிகேஓ நிர்வாகம்.