மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகளை ஆடவிடலாமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை

வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 2, 3 வகுப்புகள் ஒரே அறையில், மொத்தம் 26 பிள்ளைகள். மதியம் சாப்பிட்டு வந்ததும் ஒரு மூலையில் சண்டை, இன்னொரு மூலையில் அழுகை. ஒரு பையன், அவன் அப்பா வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு சுவரோரமாகவே இருக்கிறான். ஐந்து நிமிடம் குதித்து ஆடவிட்டால் மனசு லேசாகுமா, இல்லை கூச்சல்தான் கூடுமா?

பதில் 1: நடுநிலைப்பள்ளி ஆசிரியர்

ஆடவிடுங்கள் டீச்சர். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் 6 முதல் 8 வகுப்புக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தொடக்கப் பள்ளியில் வகுப்பு ஆசிரியர் செய்தால்தான் உண்டு.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

குதிக்கவிட்டு அப்படியே புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் கூச்சல்தான் மிஞ்சும். வேகத்தை ஏற்றினால் இறக்கவும் வேண்டும். என் வகுப்பில் மழை விளையாட்டு உண்டு. நின்ற இடத்திலேயே, ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டினால் தூறல், கைதட்டினால் மழை, காலைத் தரையில் உதைத்தால் இடி. அப்புறம் அதே வழியில் தூறலுக்குத் திரும்பி நிறுத்துவோம். யாரும் அதட்டாமலே சத்தம் அடங்கும்.

கோபத்தோடு வரும் பிள்ளையை, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, பத்து எண்ணும்வரை முழு பலத்தோடு தள்ளச் சொல்லுங்கள். முறுக்கேறிய கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. கடைசியில், சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல மூச்சை நீளமாக வெளியே விடவையுங்கள். மூச்சை மெதுவாக வெளிவிடும்போது இதயத்துடிப்பு தணியும்.

'அவுட்' ஆக்கும் ஆட்டம் மட்டும் வேண்டாம். எந்தப் பிள்ளை அசைய வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதுதான் முதலில் அவுட் ஆகி ஓரமாக உட்காரும். தோப்புக்கரணத்தைத் தண்டனையாகக் கொடுப்பதும், வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு விளையாட்டை நிறுத்துவதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பாவம், அந்தப் பிள்ளைக்குத்தான் விளையாட்டு அதிகம் தேவை.

அந்தப் பையனை வட்டத்துக்குள் இழுக்காதீர்கள். தாளம் தட்டும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூட்டிப் போங்கள். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள், கூட நடக்கும்போது தானாகப் பேசுவார்கள்.

பதில் 3: குழந்தைகள் மனநல ஆலோசகர்

அம்மா சொல்வது சரி. சாப்பிட்ட உடனே ஓட்டம் மட்டும் வேண்டாம். மழையும் சுவர் தள்ளுவதும் போதும். ஓடி ஆடுவதைக் காலை இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அந்தப் பையனுக்கு ஆட்டம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று அவன் அம்மாவிடம் விசாரியுங்கள். இரண்டும் குறைந்திருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் அவனுக்குப் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. நாளைக்கே அவன் கையில் பறை மாதிரி ஒரு டப்பாவைக் கொடுக்கிறேன். இன்னொரு சந்தேகம்: இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்குக் காலை ஊன்ற முடியாது. இடி வரும்போது என்ன செய்வது?

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

எல்லாரையும் தரையில் உட்காரவைத்துவிடுங்கள். இடிக்குத் தொடையில் தட்டட்டும், நீங்களும்தான்.