கையெழுத்துப் போட்டேன், ஓட்டுப் போடவில்லை

பத்தில் ஒருவன், புதுச்சேரி

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தெரு டியூஷன் சார் சுயேச்சையாக நின்றார். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒரு ஆள் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேருக்கும் அதே தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். அந்தப் பத்தில் நான் ஒருவன். கையெழுத்துப் போட்டேன். ஓட்டுப் போடவில்லை. இத்தனை வருஷம் வீட்டில்கூடச் சொன்னதில்லை. தொகுதிப் பெயர் மட்டும் கேட்காதீர்கள். பாண்டியில் தொகுதியைச் சொல்வதும் வீட்டு நம்பரைச் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சார் மொட்டை மாடியில் ஷீட் போட்டு ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவர். பீஸ் தர முடியாதவர்களிடம் கேட்கவே மாட்டார். அந்தப் பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததும் டீக்கடையில் எல்லாரும் ஆளுக்கொரு நியாயம் பேசினோம். எங்களுக்குப் பேசியதோடு சரி. அவர் போய் வேட்புமனுப் படிவம் வாங்கிவந்துவிட்டார்.

மார்ச்சில் ஒரு நாள் ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்கு வந்தார். கையில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட படிவம். பத்துப் பேருடைய பெயரும், வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண்ணும் தனித்தாளில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். "நம்பர் மாறிப்போச்சுன்னா பரிசீலனையில தள்ளிடுவாங்க, ஒருதரம் உங்க அட்டையோட ஒத்துப் பாத்துடுங்க" என்றார். என் மனைவி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "யோசிச்சே போடுங்க, அவசரமில்ல" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவரிடம் படித்தவர்கள். போட்டேன்.

ஏப்ரல் 6-ஆம் தேதி காலை வரிசையில் நிற்கும்வரை அவருக்குத்தான் என்று இருந்தேன். மெஷின் முன்னால் போனதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தது ராத்திரி பதினொன்றரைக்கு. பன்னிரண்டே காலுக்கு ஒருவர் கைலியோடு ஸ்கூட்டரில் வந்து நின்றார். அந்தத் தேர்தலில் பெரிய கட்சியில் நின்றவர். ஆம்புலன்ஸ், ஃப்ரீசர் பாக்ஸ், காலையில் பந்தல், நாற்காலி, எல்லாம் அவர் ஏற்பாடு. சுடுகாட்டில் கடைசிவரை நின்றார். பதினாறாம் நாள் வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு முன் நான் அவருக்கு ஓட்டுப் போட்டதே இல்லை, அது அவருக்குத் தெரிந்தும் இருக்கும். ஒரு நாளும் எதுவும் கேட்கவில்லை. அவர் பொத்தானைத்தான் அழுத்தினேன். போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் விவிபாட் மெஷினின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரியும் என்பார்கள். அன்றைக்கு அது போகவே இல்லை.

எங்கள் தொகுதிகளில் சராசரியாக முப்பதாயிரம் ஓட்டுச் சொச்சம்தான். எம்.எல்.ஏ. ஆக நினைப்பவர் ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் நேரில் வந்துவிடலாம். புதிதாக நிற்பவர் மோதுவது கட்சியோடு இல்லை, இந்தக் கடனோடு. அவருக்கு யாரும் எதுவும் பட்டிருப்பதில்லை. சாருக்கு நாங்கள் பட்டிருந்தோம்தான், ஆனால் அதை டியூஷன் பீஸில் கழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம் போல.

அச்சகக்காரர்

முதல்தரம் நிற்பவரை நோட்டீஸ் அடிக்க வரும்போதே கண்டுபிடித்துவிடலாம். பழைய ஆள் போட்டோவைக் கொடுத்து "வழக்கம்போல" என்பார். புதியவர் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருவார். அந்தச் சார் இருபத்தி இரண்டு வாக்குறுதி கொண்டுவந்தார். சின்ன நோட்டீஸ், எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும் என்றேன். நான்கைக் குறைத்தார். அப்புறம் புரூப்பை மூன்று தடவை வாங்கி ஒற்றுப்பிழை திருத்தினார். "சார், ஓட்டு ஒற்றுக்கு விழாது" என்றேன். "விழலன்னா பரவால்ல, என் பசங்க படிப்பாங்க" என்றார்.

அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். எத்தனை பிரதி அடித்தேனோ அத்தனைக்குத்தான் பில் கேட்டார். மற்றவர்களுக்கு நான் போடும் பில்லைப் பற்றி இங்கே எழுதினால் கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

தையல்கடை, அதே தெரு

சார் முதல் விருப்பமாக எழுதிக் கொடுத்தது பேனா முனை, ஏழு கதிரோடு இருக்குமே அந்தச் சின்னம். வாத்தியாருக்கு அம்சமாக இருந்திருக்கும். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்க, குலுக்கலில் போய்விட்டது. இரண்டாவதும் கிடைக்கவில்லை. மூன்றாவதாகச் சும்மா எழுதி வைத்த தையல் மெஷின் விழுந்தது. மனு வாபஸ் முடிந்த மார்ச் 22 சாயங்காலம் கடைக்கு வந்து, "அண்ணே, இனிமே நீங்கதான் என் சின்னம்" என்றார். பிரச்சாரத்துக்கு இருந்தது இரண்டே வாரம்.

என் காலால் மிதிக்கும் பழைய மெஷினைக் குட்டியானையில் ஏற்றி நானும் பின்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டே தெருத்தெருவாகப் போனோம். சார் மைக்கில் குடிநீர், வாய்க்கால் என்று பேசுவார். கூட்டம் என்னிடம் வந்து பிளவுசுக்கு எவ்வளவு என்று கேட்கும். ஒரு வீதியில் ஒரு பாட்டி கிழிந்த தலையணை உறையைக் கொண்டுவந்து நீட்டியது. இரண்டு நிமிஷ வேலை, ஓரம் அடித்துக் கொடுத்தேன். சார் மைக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "அண்ணே, காசு வாங்குங்க! சும்மா தச்சுக் குடுத்தா வாக்காளருக்கு லஞ்சம்னு ஆயிடும்." மைக் ஆனிலேயே இருந்தது, தெரு பூரா கேட்டது. பாட்டி திட்டிக்கொண்டே பத்து ரூபாய் அவிழ்த்துக் கொடுத்தது. அந்த ஓட்டுப் போச்சு என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு வாரத்தில் எனக்கு ஏழு பிளவுஸ், இரண்டு சுடிதார் ஆர்டர். அந்தத் தேர்தலில் காசு பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று சாரே சொல்லிச் சிரிப்பார்.

எதிர் வீட்டுக்காரி

எல்லாரும் சாரைப் பற்றியே எழுதுகிறீர்கள். அவர் மனைவி, எங்கள் அக்காவைப் பற்றி நான் எழுதுகிறேன்.

மனுவோடு படிவம் 26 என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். வேட்பாளர் சொத்து, மனைவி சொத்து, நகை, கடன், வழக்கு, எல்லாம் அதில் வரும். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக்கூடாது, இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க "இல்லை, இல்லை" என்று எழுதினோம் என்று அக்கா சொன்னது. அது இணையத்தில் எல்லாருக்கும் தெரியும்படி வந்துவிடும் என்பதை யாரும் அதனிடம் சொல்லவில்லை. மறுவாரமே அக்காவின் நாத்தனார் காரைக்காலிலிருந்து போன்: பதினாலு பவுன்தானா இருக்கு, எங்கம்மா போட்டது எங்கே போச்சு? அது எங்கே போச்சு என்பது நகைக்கடன் கட்டத்தில் இருந்தது. "அவர் தேர்தல்ல நின்னாரு, நான் தெருவுல நின்னேன்" என்று அக்கா இன்றைக்கும் சொல்லும்.

அப்புறம் ஆரத்தி. எங்கள் பக்கம் வேட்பாளர் வந்தால் தட்டு எடுப்போம், அவர்கள் தட்டில் ஏதாவது போடுவார்கள், அது வழக்கம், ஒளிப்பானேன். நாங்கள் ஐந்து பேர் எடுத்தோம். சார் வந்தார், குனிந்தார், குங்குமம் வைத்துக்கொண்டார், "ரொம்ப நன்றிம்மா" என்று போய்விட்டார். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது, நாங்கள் தட்டோடு நிற்கிறோம். பின்னாலிருந்து ஒருத்தி, "கற்பூரக் காசுகூடத் தேறலியே" என்றாள். அது காதில் விழுந்து திரும்பி வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "பணம் போட்டா குடுத்தவன் மேலயும் கேஸ், வாங்கினவங்க மேலயும் கேஸ். உங்க நல்லதுக்குத்தான்மா." வகுப்பில் சொல்கிற அதே குரல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓட்டை அவருக்கே போட்டேன், சத்தியமாக அந்தச் சிரிப்புக்காகத்தான்.

பூத் ஏஜென்ட்டாக இருந்தவன்

பத்தில் ஒருவன் அண்ணே, எந்தப் பூத் என்று நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் இரண்டாவது அறை. சரிதானே?

நான் சாரின் பழைய மாணவன், நானும் அந்தப் பத்தில் ஒருவன். அந்தப் பூத்துக்கு சாரின் ஏஜென்ட்டும் நான்தான். காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். ஓட்டு தொடங்கும் முன் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு எண்ணிக் காட்டி, அதை அழித்துவிட்டுத்தான் மெஷினுக்கு சீல் வைப்பார்கள். ஏஜென்ட்டுகள் மாறி மாறி அழுத்தினோம். சாருக்கு நான்கு விழுந்தது.

ஏழிலிருந்து ஏழுவரை பன்னிரண்டு மணி நேரம். பெரிய கட்சி ஏஜென்ட்டுகளுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள், எனக்கு மாற்ற ஆள் இல்லை. அக்கா கொடுத்தனுப்பிய எலுமிச்சை சாதம் மத்தியானத்துக்குள் புளித்த வாடை. பக்கத்து நாற்காலிக்காரர் தன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். "சாப்புடு தம்பி, ஓட்டு வேற சோறு வேற." கரை வேட்டிக்காரரிடம் அப்படி ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் 17சி படிவத்தின் நகல் தருவார்கள். அதில் மொத்த ஓட்டு இருக்கும், யாருக்கு எத்தனை என்று இருக்காது. அதற்கு மே 2 வரை பொறுக்க வேண்டும். எண்ணும் மேஜையில் எங்கள் பூத் மெஷினை வைத்து அழுத்தினார்கள். சாருக்கு மூன்று. மாதிரியில் நான்கு, நிஜத்தில் மூன்று. தொகுதி முழுக்கச் சேர்த்து 141, நோட்டா அவரைத் தாண்டிவிட்டது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் பத்தாயிரம் திரும்பும், அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

விஷயம் அதுவல்ல. சார் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஓட்டு வேறு அறை. பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஓட்டு அந்த அறையில்தான். என் மனைவி போடமாட்டேன் என்று முன்னாலேயே நேராகச் சொல்லிவிட்டாள், அவளை விடுங்கள். நான்கு கையெழுத்து, மூன்று ஓட்டு. இத்தனை வருஷமாக மற்ற இருவரில் ஒருவர் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவர் கடையில் நான் சாமான் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். பாவம், அந்த மனுஷன்!

பாண்டி எல்லை முள்ளோடைக்கு இந்தப் பக்கம், கடலூர்

கொடுத்து வைத்தவர்கள் நீங்கள், ஒரு ஓட்டுக் குறைந்ததைக்கூடக் கண்டுபிடிக்கிறீர்கள். எங்கள் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர். நான் கூடப் போன பெண் வேட்பாளர் இரண்டு வாரத்தில் பாதி ஊர்களில் கால் வைக்கவே இல்லை. தேவனாம்பட்டினத்தில் காலையில் படகு கரை ஏறும் நேரத்துக்குப் போனால் ஆட்களைப் பார்க்கலாம், எட்டு மணிக்குப் போனால் வலைதான் இருக்கும். அதைக் கற்றுக்கொள்ளவே அவருக்கு நான்கு நாள் ஆனது.

எங்கள் கூத்து ஒன்று. வாகன அனுமதி தொகுதிக்குள் மட்டும்தான். பாண்டியில் டீசல் விலை குறைவு என்று டிரைவர் கொடி, பேனரோடு முள்ளோடையைத் தாண்டிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தான். திரும்பும்போது பறக்கும் படை பிடித்தது. இந்தப் பக்கத்திலிருந்து போய் வருகிற வண்டியில் டீசல் மட்டும்தான் இருக்கிறது என்று யார் நம்புவார்கள்? ஸ்டெப்னி டயர்வரை கழற்றிப் பார்த்தார்கள். ஒரு சாயங்காலப் பிரச்சாரம் போனது. மிச்சம் பிடித்தது முந்நூறு ரூபாய் இருக்கும்.

இன்னொரு பாண்டிக்காரர்

சுயேச்சை என்றாலே 141 என்று நினைக்க வேண்டாம். அதே 2021-ல் முப்பது தொகுதியில் ஆறில் சுயேச்சைகள் ஜெயித்தார்கள். பழைய ஆட்களும் அதில் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏனாமில் ரங்கசாமியே ஒரு சுயேச்சையிடம் தோற்றார். தட்டாஞ்சாவடியிலும் நின்று அங்கே ஜெயித்ததால் முதலமைச்சர் ஆனார். முப்பது பேரை நாம் அனுப்ப, மூன்று பேரை டெல்லி நியமிக்கிற சபை இது. அங்கே ஒவ்வொரு சுயேச்சைக்கும் இருக்கிற மவுசு தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புரியாது.

பத்தில் ஒருவன், புதுச்சேரி

ஆமாம் தம்பி, வலது பக்கம் இரண்டாவது அறைதான். அந்தக் கடைக்காரரிடம் நாளைக்கே போய் ஏதாவது வாங்கு.

சாருக்குத் தெரியுமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். முடிவு வந்து முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சரியான காரணம் இல்லாமல் விட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாதபடி தேர்தல் ஆணையம் செய்துவிடும். அப்போது எங்கள் தொகுதிகளுக்கு உச்சவரம்பு 22 லட்சம், இப்போது 28. சாருடையது ஒரு லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் வவுச்சர் மட்டும் அறுபதுக்கு மேல். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுபவன், அதனால் மே கடைசியில் என்னைக் கூப்பிட்டார். ஊரடங்கு, பிள்ளைகள் இல்லை, ஷீட்டுக்குக் கீழே அனல். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கூட்டினோம். பதிவேட்டில் ஒரு வரி: "தலையணை உறை தைத்த கூலி ரூ.10, தையல்காரர் பெற்றது, வேட்பாளருக்குச் சம்பந்தமில்லை." அதை ஆணையம் கேட்கவே இல்லை சார் என்றேன். இருக்கட்டும் என்றார்.

மேஜைக் கண்ணாடிக்குக் கீழே தம்பி எழுதிக்கொண்டு வந்த பூத் வாரிக் கணக்கு. எங்கள் பூத்துக்கு நேரே அந்த மூன்றைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். நான் தலையைத் தூக்காமல் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

"அந்தப் பூத்துல நம்மாளுங்க நாலு பேரு" என்றார். "ஒருத்தரு அன்னிக்கு ஊர்ல இல்ல போலருக்கு."

"இருக்கும் சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் தாளைத் தன் பக்கம் திருப்பி, மூன்றாவது பக்கத்தில் ஆட்டோ வாடகை எழுபது ரூபாயை நான் விட்டுவிட்டதைக் காட்டினார்.